ஆட்டு ஈரலில் தட்டைப்புழு: மந்தையைக் காக்க 28 குறிப்புகள்

மழை ஓய்ந்து வரப்பெல்லாம் புல் தழைத்துக் கிடக்கும் மாசியில்தான் பல மந்தைகளில் இந்தப் புதிர் தொடங்குகிறது. மேய்ச்சலுக்குக் குறைவில்லை, வயிறும் நிரம்புகிறது. ஆனாலும் ஆடு தேறவில்லை. முதுகெலும்பு துருத்துகிறது, தாடைக்குக் கீழே நீர் கோக்கிறது, நன்றாக இருந்த கிடாவும் ஒரு காலையில் பட்டியில் செத்துக் கிடக்கிறது. 'போன மாதம்தானே பூச்சி மருந்து ஊற்றினோம்' என்று வளர்ப்பவர் குழம்புகிறார்.

ஊற்றியது உருண்டைப்புழுவுக்கான மருந்தாக இருக்கலாம். ஈரலில் இருப்பதோ தட்டைப்புழு. அதற்கு மருந்தும் வேறு, ஊற்ற வேண்டிய காலமும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பிடிபடும் இடம் வேறு. ஈர நிலத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்துவிட்டால் பாதி நோய் மந்தைக்குள் நுழையாது.

புழுவைத் தெரிந்துகொள்ள

1. தமிழ்நாட்டுச் சமவெளியில் காணப்படுவது பெரும்பாலும் 'ஃபேசியோலா ஜைஜான்டிகா' என்ற தட்டைப்புழு. இலை வடிவில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், 2.5 முதல் 7.5 செ.மீ. நீளம் வரை இருக்கும். இமயமலை அடிவாரம் போன்ற குளிர்ப் பகுதிகளில் இருப்பது இதைவிடச் சிறிய 'ஃபேசியோலா ஹெபாட்டிகா'. இரண்டும் ஈரலில் உள்ள பித்தக் குழாய்களில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுபவை.

2. புழுவின் முட்டை பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, புழுக்கையோடு வெளியே வருகிறது. தண்ணீரில் விழுந்தால் நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கிறது. பொரித்த குஞ்சுப்புழு ஒரு நாளுக்குள் நத்தைக்குள் புகவேண்டும், இல்லாவிட்டால் சாகும். நத்தைக்குள் ஒன்றரை, இரண்டு மாதம் தங்கிப் பல நூறாகப் பெருகி வெளியேறுகிறது. பிறகு நீரோரப் புல்லில் ஒட்டி, உறை போர்த்திக் காத்திருக்கிறது. அந்தப் புல்லை ஆடு கடித்தால் வேலை முடிந்தது. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராக இந்த நோய் தொற்றாது.

3. எல்லா நத்தையும் எதிரி அல்ல. குளத்தோரம் கிடைக்கும் நத்தையின் கூர்முனை மேலே இருக்குமாறும், வாய் உங்களைப் பார்க்குமாறும் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்து, ஓடு மெல்லியதாக, விரல் நகத்தளவில் இருந்து, வாயை அடைக்கும் மூடியும் இல்லையென்றால் அது 'லிம்னேயா' வகையாக இருக்கலாம். தட்டைப்புழுவுக்கு இடம் கொடுப்பது அதுதான். வயலில் பிடித்துச் சமைக்கும் பெரிய நத்தைக்கு மூடி உண்டு. அதில் இந்தப் புழு வளராது. கொம்பைச் சுருட்டியதுபோல் தட்டையாக இருக்கும் நத்தை, இரைப்பையைத் தாக்கும் இன்னொரு தட்டைப்புழுவை வளர்ப்பது. இங்கிலாந்தில் 1879, 1880-ஆம் ஆண்டுகளின் மழையில் சுமார் 30 லட்சம் செம்மறிகள் ஈரல்புழுவால் மடிந்தன. அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டின் ஏ.பி. தாமஸும் ஜெர்மனியின் ருடால்ஃப் லூக்கார்ட்டும் நத்தையின் பங்கைக் கண்டுபிடித்தார்கள்.

4. நோய் இரண்டு விதமாக வரும். குறுகிய காலத்தில் ஏராளமான உறைகளை ஆடு தின்றுவிட்டால், இளம்புழுக்கள் குடலைத் துளைத்து வெளியேறி ஈரலைக் குடைந்துகொண்டு போகும். அப்போது உள்ளே இரத்தம் கசிந்து திடீர்ச் சாவு ஏற்படும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் புழுக்கள் பித்தக் குழாயில் குடியேறி, மாதக்கணக்கில் ஆட்டை உருக்கும். நம் பக்கம் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

5. உங்கள் மந்தை ஒரு நாளில் போய்வரும் பாதையை ஒரு தாளில் வரையுங்கள். ஏரி உள்வாய், கண்மாய்க் கரை, மடைவாய், வாய்க்கால் ஓரம், நெல்வயல் வரப்பு, கசியும் குழாயடி, மோட்டார் தொட்டியின் வடிகால் என எங்கெல்லாம் ஆண்டில் பல வாரங்கள் ஈரம் நிற்கிறதோ அங்கெல்லாம் சிவப்புக் குறி போடுங்கள். குளம்புத் தடத்தில் தேங்கும் தண்ணீர்கூட நத்தைக்குப் போதும். இந்தத் தாள்தான் உங்கள் மந்தையின் நோய் வரைபடம்.

6. மழைக்காலம்தான் ஆபத்து, கோடையில் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, வற்றும் குளத்தைச் சுற்றி மட்டும் ஒரு பச்சை வளையம் இருக்கும். மந்தை முழுவதும் அங்கேதான் மொய்க்கும். நத்தைகள் ஒதுங்கியிருப்பதும் அங்கேதான்.

7. பனி காய்ந்த பிறகு மேய்ப்பது நல்ல பழக்கம். ஈரப் புல்லில் நுனிவரை ஏறிவரும் உருண்டைப்புழுக் குஞ்சுகளிடமிருந்து அது காக்கும். தட்டைப்புழுவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் உறை புல்லில் அசையாமல் ஒட்டியிருப்பது. காலையில் மேய்ந்தாலும் உச்சியில் மேய்ந்தாலும் ஒன்றுதான். நேரத்தை மாற்றுவது போதாது, இடத்தை மாற்றவேண்டும்.

8. ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, அதே குளத்தில் இறங்கும் மாட்டையும் எருமையையும் விட்டுவிடாதீர்கள். எருமை தண்ணீரில் படுத்துச் சாணமும் அங்கேயே போடும். வெளியே நோய் தெரியாமலே அது முட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ள எல்லாக் கால்நடைக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் பாருங்கள்.

9. செம்மறி தரையோடு ஒட்டி மேய்வதால் உறைகள் எளிதில் வாய்க்குள் போகும். வெள்ளாட்டுக்குத் தழை கிடைத்தால் தலையைத் தூக்கிக் கொழையைக் கடிக்கும். அதனால் ஆபத்து சற்றுக் குறைவு. தழை இல்லாத ஊரில் வெள்ளாட்டையும் வரப்பில் மேயவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இந்த இரண்டுக்குமே ஒருமுறை நோய் வந்துபோனதால் எதிர்ப்புச் சக்தி பெரிதாக வந்துவிடாது. தடுப்பூசியும் நடைமுறையில் இல்லை.

10. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து டெல்டாவுக்கு மந்தை ஓட்டிவந்து கிடை போடும் கீதாரிகள் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். வறண்ட காட்டில் பழகிய ஆடு, சம்பா அறுவடைக்குப் பிறகு திடீரென்று வாய்க்கால் பாசன நிலத்துக்கு வருகிறது. வயலில் இடப்படும் புழுக்கையில் முட்டை இருந்து, மேட்டூர்த் தண்ணீர் அங்கே பாய்ந்தால் நத்தைக்கு அதுவே விதைப்பு. டெல்டாவுக்கு வரும்போதும், ஊர் திரும்பிய ஒன்றரை மாதத்திலும் கால்நடை மருத்துவரிடம் மந்தையைக் காட்டுங்கள்.

11. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் சேர்க்காதீர்கள். மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, மூன்று வாரம் மேட்டு நிலத்திலோ கொட்டிலிலோ தனியே வையுங்கள். புழு செத்த பிறகும் ஏற்கெனவே பித்தக் குழாயில் இருக்கும் முட்டைகள் சில நாட்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

நோயைக் கண்டுபிடிக்க

12. வாரம் ஒருமுறை பத்து ஆடுகளின் கீழ் இமையை நல்ல வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்தோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. வெளுத்துக் காகிதம்போல் இருந்தால் சோகை. தட்டைப்புழுவும் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவும் இரண்டுமே இதைச் செய்யும். ஆகவே இமையைப் பார்த்து மருந்தை முடிவு செய்யவேண்டாம், பரிசோதனைக்குக் கிளம்புங்கள்.

13. தாடைக்குக் கீழே தொங்கும் வீக்கத்தை விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்க்கோவை. நாளெல்லாம் தலை தாழ்த்தி மேய்ந்து மாலையில் திரும்பும்போது பெரிதாகவும், இரவு கழிந்து விடியும்போது வடிந்தும் தெரியும். அதனால் பட்டியில் அடைக்கும் நேரத்தில் பார்ப்பதே நல்லது. கீறிவிடுவதோ சூடு போடுவதோ பயன் தராது. இரத்தத்தில் புரதம் குறைந்ததால் வந்த வீக்கம் அது.

14. திடீரென்று ஆடு செத்தால் எல்லாவற்றையும் 'துள்ளுமாரி' என்று எழுதிவிடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கொண்டு உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். ஈரல்புழுவின் கடும் வகையில் வயிற்றுக்குள் இரத்தம் கலந்த நீரும், ஈரல் முழுக்க இளம்புழு குடைந்த சிவப்புத் தடங்களும் தெரியும். ஒரு முக்கிய எச்சரிக்கை: மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

15. உங்கள் ஆடு அறுபடும் கறிக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: 'ஈரலில் புழு இருந்தால் சொல்லுங்கள்.' ஈரலைக் குறுக்கே அறுத்து அழுத்தினால், தடித்த குழாயிலிருந்து பழுப்பு நிறப் பித்தநீரோடு இலைபோன்ற புழு வழுக்கி வெளியே வரும். ஓர் ஆட்டின் ஈரல் மந்தையின் நிலவரத்தைச் சொல்லிவிடும். செலவில்லாத சோதனை இது.

16. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல், புதிதாக, முடிந்தால் ஆசனவாயிலிருந்தே எடுங்கள். பத்து ஆடுகளிடமாவது எடுத்து, தனித்தனியே பொட்டலம் கட்டி அன்றே கொடுங்கள். 'தட்டைப்புழு முட்டைக்குப் படிவு முறையில் பார்க்கவேண்டும்' என்று சொல்லுங்கள். இந்த முட்டை கனமானது. உருண்டைப்புழு முட்டையை மிதக்கவைத்துப் பார்க்கும் வழக்கமான முறையில் தப்பிவிடும். இன்னொன்று, புழு உள்ளே போய் மூன்று நான்கு மாதம் கழித்தே முட்டையிடும். அதற்கு முன் 'முட்டை இல்லை' என்று முடிவு வந்தாலும் ஆடு தப்பியது என்று பொருளில்லை.

மருந்துக்கு முன் செய்யவேண்டியவை

17. ஆட்டைக் குளத்தில் இறக்கித் தண்ணீர் காட்டாதீர்கள். உறைகள் நீர்ப்பரப்பில் மிதப்பதும் உண்டு. மேட்டில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ விடுங்கள். தொட்டியைச் சுற்றிச் சரளை பரப்புங்கள். தொட்டி கசிந்து சேறானால் நத்தைக்கு நீங்களே வீடு கட்டியதாகிவிடும்.

18. குளம் முழுவதற்கும் வேலி போட முடியாது. மந்தை வழக்கமாக இறங்கும் இடத்தை மட்டும் வேலிக்கருவை முள்ளால் அடைத்துவிடலாம். தை முதல் பங்குனி வரையிலாவது அந்த ஓரத்தைத் தவிர்த்து, தரிசு, மேட்டுப்புறம்போக்கு, மானாவாரி நிலங்களில் மேயுங்கள்.

19. நத்தையைக் குறைக்க வாத்து நல்ல துணை. அறுவடை வயலில் வாத்து மேய்ப்பவர்களை உங்கள் வாய்க்கால் ஓரத்துக்கும் அழைத்துப் பாருங்கள். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து நத்தையைக் கொல்லும் பழைய வழியை நாடாதீர்கள். மீனும் சாகும். செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலே நஞ்சு; ஈரல் ஏற்கெனவே கெட்ட ஆட்டுக்கு இன்னும் கேடு.

20. வாய்க்காலோரப் புல்லை அறுத்துவந்து கொட்டிலில் போட்டால் நோய் கொட்டிலுக்கே வரும். நீர் நின்ற வயலின் பச்சைத் தாளில் அடித்தண்டில்தான் உறைகள் இருக்கும். மேல்பகுதியை மட்டும் அறுத்துப் போடுங்கள். வைக்கோலைக் கொளுத்தும் வெயிலில் புரட்டிப் புரட்டி நன்றாகக் காயவைத்துப் போர் போடுங்கள். வெயிலும் வறட்சியும் உறையைக் கொல்லும். ஈரமும் நிழலும் அதை வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும்.

21. பட்டிப் புழுக்கையை வாய்க்கால் ஓரம் கொட்டாதீர்கள். மேட்டில் குவித்து மக்கவிடுங்கள். குவியலின் சூட்டில் முட்டைகள் சாகும். உள்ளே கை வைக்க முடியாத சூடு வரவேண்டும். மேற்புறத்தில் இருப்பதை உள்ளே தள்ளி ஒருமுறையாவது புரட்டிப்போடுங்கள்.

மருந்து கொடுக்கும்போது

22. ஐவர்மெக்டின் ஊசி தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் வளர்ந்த புழுவை மட்டும், அதுவும் உருண்டைப்புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவில்தான் கொல்லும். ஆக்சிகுளோசனைடும் வளர்ந்த புழுவுக்கானதே. ஊற்றியபின் ஓரிரு நாள் கழிச்சல் வரலாம், பயப்படவேண்டாம். ஈரலைக் குடையும் இளம்புழுவையும் சேர்த்துக் கொல்வது டிரைக்ளாபெண்டசோல். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு ஆக்சிகுளோசனைடு 15 மி.கி., டிரைக்ளாபெண்டசோல் 10 மி.கி. குளோசன்டெல் அளவு மீறினால் ஆடு குருடாகக்கூடும். எதை எப்போது கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

23. காலக்கணக்கு இப்படி: ஐப்பசி மழையில் முட்டை பொரிக்கிறது, கார்த்திகை, மார்கழியில் நத்தைக்குள் பெருகுகிறது, தையில் புல்லுக்கு வருகிறது, மாசி, பங்குனியில் ஆடு நோயில் விழுகிறது. ஆகவே மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று; இது முட்டை தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். மாசியில் இளம்புழுவையும் கொல்லும் மருந்து ஒன்று. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும் டெல்டாவில் வைகாசியிலும் ஒன்று வேண்டியிருக்கும். பரிசோதனை முடிவோடு இந்தக் கணக்கை மருத்துவரிடம் வைத்துப் பேசுங்கள்.

24. கண்ணளவில் எடை போடாதீர்கள். சாக்குத் தொட்டிலில் வைத்துத் தொங்கு தராசில் நிறுங்கள். எல்லா ஆட்டையும் நிறுக்க முடியாவிட்டால் குட்டி, பெட்டை, கிடா எனப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கனத்த ஆட்டின் எடைக்கு அளவெடுங்கள். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கவேண்டாம். மூக்கு கண்ணுக்கு மேலே போகக்கூடாது. கடைவாய் வழியே நாக்கின்மேல் மெதுவாக விடுங்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள். நுரையீரலுக்குள் போன மருந்து புழுவைவிட முதலில் ஆட்டைக் கொல்லும்.

25. சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. குட்டிக்கு ஊனம் வரலாம். எந்த மருந்தானாலும் பாலையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்கவேண்டும் என்பதைச் சீட்டில் படித்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பக்ரீத் விற்பனைக்கு வைத்திருக்கும் கிடாவுக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே போடவேண்டும்.

26. மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடி புழுக்கை கொடுங்கள். முட்டை இன்னும் இருந்தால், அளவு குறைந்திருக்கலாம் அல்லது புழு மருந்துக்குப் பழகியிருக்கலாம். டிரைக்ளாபெண்டசோலுக்கே புழு அசையாத நிலை 1990-களில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டு, பிறகு பல நாடுகளிலும் தெரியவந்தது. தேவையில்லாமல் அடிக்கடி கொடுப்பதும் குறைத்துக் கொடுப்பதும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

27. புழு செத்த மறுநாளே ஆடு தேறிவிடாது. ஈரல் ஆற வாரங்கள் ஆகும். அகத்தி, வேலிமசால், சுபாபுல் தழையும், கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்து இழந்த புரதத்தை ஈடுகட்டுங்கள். மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதில் உள்ள தாமிரம் ஆட்டுக்கு ஆகாது.

28. வீட்டாருக்கும் ஒரு குறிப்பு. புழு இருந்த ஈரலைச் சமைத்துத் தின்றதால் மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. என்றாலும் கெட்ட ஈரலை ஒதுக்கிவிடுங்கள். அதைக் குளத்தில் வீசாமல் ஆழப் புதையுங்கள், அதற்குள் முட்டைகள் இருக்கும். மனிதருக்குத் தொற்று வருவது, உறை ஒட்டிய நீரோரச் செடிகளைப் பச்சையாகத் தின்பதால்தான். கால்நடை இறங்கும் குளத்தோரம் பறித்த கீரையைச் சமைத்தே சாப்பிடுங்கள்.

இந்த 28-ல் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்யமுடியாதவர்கள் மூன்றை மட்டும் இந்த மாதமே தொடங்கலாம்: மேய்ச்சல் வரைபடம் வரைவது, தொட்டித் தண்ணீருக்கு மாறுவது, பத்து ஆட்டின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது. அரசு கால்நடை மருந்தகத்திலும் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலும் இதற்கு வழிகாட்டுவார்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962. தாடை வீங்கிய பிறகு ஓடுவதைவிட, புரட்டாசிக்கு முன்பே ஒருமுறை போய்வாருங்கள்.